காது இருந்த வீடு

ஒரு ஊர் இருந்ததாம், மலையடிவாரத்து ஊர். அந்த ஊரில் ஒரு வீடு இருந்ததாம், அந்த வீட்டுக்குக் காது இருந்ததாம். இதுவரைக்கும் ‘ம்’ கொட்டிக்கொண்டே வரலாம். இதற்கு மேல் கொட்ட முடியாது. ஏனென்றால் ஊர் வடவள்ளி, வீடு ஓர் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் நாலாம் நம்பர், காது என்பது கட்டிலின் தலைமாட்டில் ஒரு சொம்பு உயரத்துக்கு நிற்கிற சாம்பல் நிற ஸ்பீக்கர், அந்தக் காது முந்தாநாள் வியாழக்கிழமை மதியத்தோடு அடைத்துப் போயிற்று. இன்றைக்குச் சனிக்கிழமை. மணி இரண்டு முப்பத்தைந்து. நாலு மணிக்குத் திருப்பூரிலிருந்து தங்கவேலு வருகிறார், தங்கை கோகிலவாணியைக் கொண்டுபோய்ப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க. அதற்குள் காது திறக்க வேண்டும். திறந்தால் அவள் தன் வீட்டில் இருப்பாள், திறக்காவிட்டால் இல்லை. அறையின் சுவரலமாரிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, இதையெல்லாம் மாட்டிக் கொடுத்த மகுடபதி உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு பச்சைக் கோடு. பதினேழு சதவீதம்.

பதினேழெல்லாம் ஒரு கணக்கே இல்லை. ஸ்பீக்கரில் பழைய வெர்ஷனைத் திரும்ப ஏற்ற, நேற்றுக் காலையிலிருந்து பதினொரு தடவை இந்தக் கோட்டை ஓட்டிப் பார்த்துவிட்டான். பதினொரு தடவையும் அறுபத்து மூன்று வரைக்கும் சமத்தாக வரும், அறுபத்து மூன்றில் நிற்கும், பிறகு சிவக்கும். இது பழைய வெர்ஷன், பழையதற்குத் திரும்ப அனுமதி இல்லை என்று ஒரு வரி வரும். அலமாரிக்குள் விளக்கை மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கன்ட்ரோலர் பெட்டிதான் இந்த வீட்டுக்கு மூளை. ஃபேன், லைட்டு, வாசல் பூட்டு, போன் எல்லாம் அது சொன்னால் கேட்கும். ஆனால் மூளைக்குக் காது கிடையாது, ஸ்பீக்கர்தான் பேச்சைக் கேட்டு அதனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். வியாழக்கிழமை இந்த ஸ்பீக்கரும், ஹாலிலும் அடுப்படியிலும் இருக்கிற அதன் உடன்பிறப்புகள் இரண்டும் புது வெர்ஷனுக்கு மாறிக்கொண்டன. புது வெர்ஷன் புதுப் பெட்டிகளோடுதான் பேசும். பெட்டியைச் செய்த கம்பெனி இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே கடையைக் கட்டிவிட்டது, அதனால் பெட்டிக்குப் புதுசு என்று ஒன்று இனி வரப்போவதில்லை. அது பழசை விட்டு நகராது, இது பழசுக்குத் திரும்பாது. கல்யாண மண்டபத்தில் சம்பந்திகள் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால் நடுவில் தாம்பூலத் தட்டை ஏந்திக்கொண்டு அலைகிறவன் கதிதான் அவன் கதி. இங்கே ஒரு வரியை மாற்றுகிறான், அங்கே ஒரு வரியை மாற்றுகிறான், கெஞ்சுகிறான், மறுபடி ஓட்டுகிறான். பத்தொன்பது. அலமாரிக்குள்ளிருந்து சூடான தூசி வாசனை வந்தது. பழைய ரேடியோவைத் திறந்தால் வருகிற அதே வாசனை. சின்ன வயசில் முகர்ந்த அந்த வாசனைக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேனோ என்று ஒரு நினைப்பு ஓடியது, அந்த நினைப்பு எங்கே போய் முட்டும் என்று தெரிந்ததால் அதைப் பாதியிலேயே பிடித்து நிறுத்தினான். எந்த நினைப்பும் கடைசியில் அந்தப் பையில்தான் போய் முட்டுகிறது. பை அவன் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கறுப்புப் பை, ஜிப் பாதி திறந்தபடி. அதை அவன் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கே பாதி மனசு செலவாகிறது.

“எத்தன ஆச்சு மகுடா?” என்றாள் கோகிலவாணி, கட்டிலிலிருந்து. தலையைத் திருப்பினால் அவனுடைய முதுகும் லேப்டாப்பின் ஓரமும் அவளுக்குத் தெரியும், எண் தெரியாது. “இருவத்தி ரெண்டுங்க்கா.” “பத்தாவதுல கணக்குப் பரீட்சைக்கு நான் வாங்குனது அதுதான். எங்கப்பன் மார்க் சீட்டத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, பின்னால எதாச்சும் மிச்சம் ஒட்டியிருக்குதான்னு.” அவன் சிரித்தான். சிரித்தது வாய் மட்டும்தான். “நீயும் அப்படித்தான் பாத்துட்டு உக்காந்திருக்கறே. திருப்பிப் பாரு, பின்னால மிச்சம் இருக்கும்.” அடுப்படியில் மரகதம் பாத்திரங்களைத் துடைத்து அட்டைப் பெட்டியில் அடுக்குகிற சத்தம் கேட்டது. மூணு வருஷமாகக் கோகிலவாணியைப் பார்த்துக்கொள்கிறவள். காலையில் வந்து மதியம் ஒரு மணிக்குப் போவாள், ஐந்து மணிக்குத் திரும்ப வருவாள், ராத்திரி இங்கேயே படுத்துக்கொள்வாள். அந்த நாலு மணி நேரம் அவளுக்குத் தன் வீடு, மாமியார், சோறு. அந்த நாலு மணி நேரம்தான் கோகிலவாணிக்கும் தன் வீடு. “அம்மா, இந்த இட்லிக் குண்டா அங்க வேணுமுங்களா?” என்று மரகதம் கேட்டாள். “அங்க இட்லி அவுங்களே குடுப்பாங்களாம். இட்லின்னு பேரு போட்டிருந்துச்சு. அத வெச்சுட்டு இரு மரகதம், மகுடன் இன்னும் முடிக்கல.” முடிக்கல என்கிற அந்த வார்த்தையில் எவ்வளவு சாவகாசம். முடித்துவிடுவான் என்று வைத்துக்கொண்டு பேசுகிறாள். இருபத்தாறு.

கோகிலவாணிக்கு நாற்பத்து நாலு வயசு. பஞ்சாலைக்காரர்களுக்கு நூல் சோதித்துக் கொடுக்கிற ஒரு லேபில் இருந்தவள். நூலை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து அது அறுகிற வரைக்கும் இழுத்து, எத்தனை கிராமில் அறுந்தது என்று எழுதிவைப்பதுதான் வேலை என்று அவளே சொல்லியிருக்கிறாள். தடாகம் ரோட்டில் செங்கல் லாரி கொட்டிவிட்டுப் போன செம்மண், முந்தின நாள் தூறல், ஸ்கூட்டர், அவ்வளவுதான். கழுத்துக்குக் கீழே இருக்கிறதெல்லாம் அன்றைக்கே முடிந்துபோயிற்று. முதல் ஐந்து வருஷம் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணி ஒன்றும் மோசமில்லை. மோசமில்லை என்பதுதான் கஷ்டமே என்பாள். மூணு வருஷத்துக்கு முன்னால் மகுடபதி முதல் தடவை வந்தபோது, அவன் ஸ்பீக்கரை வைத்து, பெட்டியை மாட்டி, “என்ன வார்த்த வெச்சுக்கலாம்ங்க்கா?” என்று கேட்டபோது, அவள் ஒரு பகல் முழுக்க யோசித்தாள். நீளமான வாக்கியம் கூடாது, களைப்பாக இருந்தாலும் வாய்க்கு வர வேண்டும், சாதாரணப் பேச்சில் தப்பித்தவறி வந்து வீட்டைக் குழப்பவும் கூடாது. கடைசியில் ‘காத்து’ என்றால் ஃபேன், ‘பகலு’ என்றால் லைட்டு, ‘வாசல்’ என்றால் பூட்டுத் திறக்கும், ‘திருப்பூர்’ என்றால் அண்ணனுக்குப் போன் போகும், ‘மழ’ என்றால் தண்ணீர் வரும். தண்ணீர் விஷயம் அவனுடைய சொந்த மூளை. மீன்தொட்டிக்குப் போடுகிற குட்டி மோட்டார் ஒன்றைப் பாட்டிலில் இறக்கி, மெல்லிய குழாயை அவள் வாயோரம் வரைக்கும் கொண்டுவந்து பிளாஸ்திரியால் ஒட்டிவைத்தான். மழ என்றதும் மூணு வாய் அளவுக்கு ஏறி நின்றுவிடும். முதல் தடவை கன்னமெல்லாம் நனைந்து, “டேய், நெசமாவே பேயுதுடா” என்று கத்தினாள். அந்தக் கத்தலைப் போல ஒரு கூலியை அவன் வேறு எந்த வீட்டிலும் வாங்கியதில்லை. பெரிய பெரிய பங்களாக்களில் ஜன்னல் திரை தானாக ஏறுவதைப் பார்த்து ‘சூப்பர்’ என்பார்கள், ஒரு வாரத்தில் கையாலேயே இழுத்துக்கொள்வார்கள். இந்த ஒரு வீட்டில்தான் அவன் மாட்டினது எல்லாம் உயிரோடு இருந்தது. முப்பத்தொன்று. இருந்தது என்றா நினைத்தேன், இருக்கிறது இல்லையா, இன்னும் நாலு மணி ஆகவில்லையே.

ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள்: “மனுசங்ககிட்டக் கேக்கறப்ப எல்லாம் முன்னால ஒரு ‘கொஞ்சம்’ போடோணும் மகுடா. கொஞ்சம் ஃபேனப் போடறீங்களா, கொஞ்சம் மூக்கச் சொறிஞ்சு விடறீங்களா. ஒரு நாளைக்கு நூறு கொஞ்சம். கேக்கறதுக்கு முன்னாலயே மொகத்தச் சிரிச்சாப்பல வெச்சுக்கோணும். இவனுக்கு அது வேண்டியதில்ல.” இவன் என்றது வீட்டை. “காத்துன்னா காத்து. திட்டிட்டுக் கூடச் சொல்லலாம். போட்டுட்டு வாய மூடிட்டு நிக்கறான். நன்றி சொல்ல வேண்டாம், மூஞ்சி பாக்க வேண்டாம். அஞ்சு வருசம் சிரிச்சுச் சிரிச்சு என்ற தாடையே வலிச்சுப் போச்சு தெரியுமா.” அப்போது அவனுக்கு இது சும்மா தமாஷ் மாதிரிதான் பட்டது. இந்த இரண்டு நாளாகத்தான் அந்தத் தாடை ஞாபகத்துக்கு வருகிறது. இல்லத்தில் ஒரு கூடத்துக்குப் பதினாறு கட்டில், மூணு பேர் வேலைக்கு என்று தங்கவேலு சொல்லியிருந்தார், நல்ல இடம், சுத்தமான இடம், நான் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன் என்று. பதினாறு கட்டிலுக்கு மூணு பேர் என்றால் ஒருத்தியிடம் ஃபேன் கேட்க எத்தனை கொஞ்சம். நேற்று இந்த அறையில் அவள் மரகதத்திடம், “கொஞ்சம் அந்த ஜன்னலத் தொறந்து விடறியா” என்றாள். மரகதம் கவனிக்கவில்லை, திறந்துவிட்டாள். அவன் கவனித்தான். முப்பத்தெட்டு. கோடு நகர்கிறதா, கண் நகர்த்துகிறதா என்று சந்தேகமாக இருந்தது. நெற்றி வேர்வை ஒரு சொட்டு கீபோர்டில் விழுந்து ‘ழ’வுக்கும் பக்கத்து எழுத்துக்கும் நடுவில் ஓடிப் போயிற்று.

வியாழக்கிழமையை அவன் பார்க்கவில்லை, ஆனால் பார்த்த மாதிரியே அது வருகிறது. ஒரு மணிக்கு மரகதம் கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். ஒன்று பத்துக்கு ஸ்பீக்கர் தானாக ஒரு தடவை அணைந்து எரிகிறது. ஒன்று நாற்பதுக்கு, வெயில் சுவரைத் தாண்டி உள்ளே இறங்குகிற நேரம், அவள் காத்து என்கிறாள். ஸ்பீக்கர் ரொம்ப மரியாதையாக, மன்னிக்கவும், அந்தச் சாதனத்தைக் கண்டறிய முடியவில்லை என்கிறது. காத்து. மன்னிக்கவும். காத்து. மன்னிக்கவும். திருப்பூர். மன்னிக்கவும். மழ. மன்னிக்கவும். சித்திரை மாசத்து மதியம், தலைமாட்டிலிருந்து இரண்டு சாண் தள்ளி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் நிற்கிறது, அதைப் பார்க்கலாம். வாசல். மன்னிக்கவும். பிறகு சத்தம் போட்டிருக்கிறாள். மேலே ஏசி போட்டுக்கொண்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கிறவர்களுக்கு எங்கே கேட்கும். ஐந்தேகாலுக்கு மரகதம் வந்து பார்க்கும்போது உதடு வெடித்து, கண் செருகி, அப்போதும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு இருந்தாளாம். ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றி மறுநாள் விட்டார்கள். தங்கவேலு காரை ஓட்ட முடியாமல், வழியில் அவிநாசியில் நிறுத்தி, வேறொருத்தரை ஓட்டச் சொல்லி வந்து சேர்ந்தாராம். இனி ஒரு நாள் கூட இங்கே விடமாட்டேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொல்லிவிட்டார். அவரை யார் குறை சொல்ல முடியும். மகுடபதிக்கு நேற்றுக் காலையில் போன் பண்ணினது கோகிலவாணிதான், மரகதத்தை விட்டு நம்பர் அழுத்தச் சொல்லி. தொண்டை கட்டிப் போன குரலில், “நான் என்ன வார்த்தயாச்சும் தப்பாச் சொல்லிட்டனா மகுடா?” என்று கேட்டாள். இல்லீங்க்கா என்றான். அப்போது அவனுக்கும் காரணம் தெரியாது. அந்த இல்லீங்க்கா ஒன்றுதான் இந்த இரண்டு நாளில் அவன் சொன்னதிலேயே சுத்தமானது. நாற்பத்து நாலு.

காரணம் இன்று காலை பத்து மணிக்குத் தெரிந்தது. இந்த வீட்டுக்கு வெளியிலிருந்து அப்டேட் எதுவும் வராமல் அவனே ரவுட்டரில் அடைத்துவைத்திருந்தான், இப்படியெல்லாம் ஆகும் என்று தெரிந்துதான், மூணு வருஷமும் ஈ காக்கை நுழையாமல். பிறகு எப்படி நுழைந்தது என்று பெட்டியின் பதிவைத் தோண்டினால், வெளியிலிருந்து நுழையவில்லை. வீட்டுக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. புதன்கிழமை மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு இந்த வீட்டு வைஃபைக்குள் ஒரு புது ஸ்பீக்கர் வந்திருக்கிறது, இருபது நிமிஷம் இருந்திருக்கிறது, போய்விட்டது. அதன் பெயர் ‘சாய்பாபா காலனி மாடி’. அந்தப் பெயரை வைத்தது அவன். சாய்பாபா காலனியில் அவன் வேலை செய்கிற ஒரு வீட்டு மொட்டைமாடியில் வைக்கிற, பேட்டரியில் ஓடுகிற ஸ்பீக்கர், ரிப்பேருக்கு வாங்கி, கடையில் புது வெர்ஷன் ஏற்றி, திருப்பிக் கொடுக்கப் போகிற வழியில் இங்கே ஒரு எட்டு வந்துபோனான். வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான். மரகதம் மோர் கொடுத்தாள். கோகிலவாணி கிரிக்கெட் பற்றிப் பேசினாள். பை இந்தக் கட்டில்காலோரம் கிடந்தது, உள்ளே ஸ்பீக்கர் அணைக்கப்படாமல் விழித்திருந்தது. வேறு ஆளின் பையில் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அது இந்த வீட்டுக்குள் நுழையச் சாவி வேண்டும். சாவி அதனிடம் இருந்தது. ஏனென்றால் மகுடபதி தான் வேலை செய்கிற பதினாலு வீட்டிலும் வைஃபைக்கு ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டுதான் வைத்திருந்தான். வீடு வீடாகப் போய் ஒவ்வொன்றையும் அடிக்க வேண்டியதில்லை, கதவைத் திறந்ததும் லேப்டாப்பும் போனும் தானாக ஒட்டிக்கொள்ளும். இந்தத் தொழிலில் பாதிப் பேர் இப்படித்தான். பாதிப் பேர் இப்படித்தான் என்று காலையிலிருந்து எத்தனை தடவை சொல்லிக்கொண்டான். ஒரே இன ஸ்பீக்கர்கள் ஒரே வைஃபையில் சேர்ந்தால், புதுசு வைத்திருப்பது இல்லாததற்குக் கொடுத்துவிடும், பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுப்பது போல. கொடுத்ததை அது வைத்திருந்து, மறுநாள் வீடு சத்தமில்லாமல் இருந்த நேரமாகப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறது. அவ்வளவுதான். ஒரு டம்ளர் மோர் குடிக்கிற நேரம். அன்றைக்கு வராமல் இருந்திருந்தால். வந்தவன் பையை வண்டியிலேயே வைத்திருந்தால். மோர் வேண்டாம் என்றிருந்தால். மூன்றையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தான், எப்படி அடுக்கினாலும் பாட்டில் இரண்டு சாண் தள்ளியே நிற்கிறது. ஐம்பத்தொன்று.

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன. பதினாலு வீட்டுக்காரர்களும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள், ஒருத்தர் காதில் விழுந்தால் எல்லார் காதிலும் விழும். எங்கள் வீட்டுச் சாவியையும் இவன் இப்படித்தான் எல்லார் கையிலும் கொடுத்தானா என்பார்கள். கொடுத்ததும் உண்மைதான். தங்கவேலு போலீசுக்குப் போகலாம், கவனக்குறைவு என்று அதற்கு ஒரு செக்ஷன் இருக்கும். ஆனால் பயம் அதுவும் இல்லை. அதுவும்தான், ஆனால் அது மட்டும் இல்லை. நான் என்ன வார்த்தயாச்சும் தப்பாச் சொல்லிட்டனா என்று கேட்டவளுடைய முகத்தைப் பார்த்து, நீங்க இல்லீங்க்கா, நான்தான் என்று சொல்ல வேண்டும். அவள் திட்ட மாட்டாள். அடப்பாவி என்று சிரிப்பாள், சிரிப்பதற்குத் தாடையைச் சரிபண்ணிக்கொள்வாள். இதுவரைக்கும் அவனிடம் பேசும்போது அவள் அப்படிச் சரிபண்ணிக்கொண்டதில்லை. ஆகவே அவன் காலை பத்தரைக்கு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டான், யாரோடு என்று கேட்டால் தெரியாது, கோட்டோடு என்று வைத்துக்கொள்ளலாம்: அறுபத்து மூன்றைத் தாண்டினால் சொல்ல வேண்டியதே இல்லை, வீடு பழையபடி கேட்கும், பாஸ்வேர்டுகளை மாற்றிவிட்டு வாழ்நாளெல்லாம் ஒழுங்காக இருந்துவிடுவது. தாண்டாவிட்டால் சொல்லிவிடுவது, தங்கவேலு வந்ததும், எல்லார் முன்னாலும். நியாயமான ஒப்பந்தமாகத்தான் பட்டது. ஐம்பத்தெட்டு. வெளியே ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். மரகதம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம், கிர்ரென்று நீளமாக, தோலை உரிப்பது போல. அறுபது. இந்தத் தடவை வெர்ஷன் எண்ணையே திருத்தி, பழையதைப் புதியதென்று ஏமாற்றி அனுப்பியிருக்கிறான், நம்பினால் நம்பும். அறுபத்தொன்று. “எத்தன மகுடா?” அறுபத்து இரண்டு. அறுபத்து மூன்று. நின்றது. நிற்கட்டும், எப்போதும் ஒரு நிமிஷம் நிற்கும். மூச்சை விட்டால் சிவந்துவிடும் போலிருந்தது, விடாமல் வைத்திருந்தான். அறுபத்து நாலு. அறுபத்து நாலை அவன் இதுவரை பார்த்ததே இல்லை. “அக்கா” என்றான், மேலே ஒன்றும் சொல்ல வரவில்லை. அறுபத்தேழு, எழுபத்தைந்து, தொண்ணூறு, கடகடவென்று ஓடி நூறு. ஸ்பீக்கர் அணைந்து எரிந்தது.

“சொல்லுங்க்கா. சொல்லிப் பாருங்க.” அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “காத்து.” ஸ்பீக்கரின் தலையில் வெளிச்சம் வட்டமாக ஓடியது. அலமாரிக்குள் பெட்டி டக்கென்றது, அந்த டக் போதும், அதற்காக அவன் செத்துப் பிழைத்திருந்தான். ஃபேன் சுற்றியது. மரகதம் அடுப்படியிலிருந்து ஓடிவந்து வாசற்படியில் நின்றாள், கையில் டேப்போடு. “மழ” என்றாள் கோகிலவாணி. மோட்டார் ம்ம் என்றது, குழாயில் தண்ணீர் ஏறியது, ஏறிக்கொண்டே வந்து அவள் வாயோரத்துக்கு ஒரு விரல் கீழே நின்றது. ஃபேனும் மெதுவாகி நின்றது. ஸ்பீக்கர், மன்னிக்கவும், அந்தச் சாதனத்தைக் கண்டறிய முடியவில்லை என்றது. ஹாலிலும் அடுப்படியிலும் இருக்கிற இரண்டு ஸ்பீக்கர்களையும் அவன் அணைக்க மறந்திருந்தான். அவை இரண்டிலும் புதுசு இருந்தது. உடன்பிறப்பு பழசாகத் திரும்பி வந்ததைப் பார்த்தன, கொடுத்துவிட்டன. ஏற்கெனவே ஒருமுறை ஏற்றியது என்பதால் இந்தத் தடவை அது நேரம் பார்த்துக் காத்திருக்கவில்லை, ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. ஓடிப்போய் இரண்டையும் பிடுங்கிவிட்டு வந்து மறுபடி ஓட்டினான். இந்தத் தடவை மூன்றிலேயே சிவந்தது. ஏமாற்றின வழியை ஸ்பீக்கர் அடைத்துவிட்டிருந்தது. மறுபடி. மூன்று. மறுபடி. மூன்று. குழாயில் அந்தத் தண்ணீர் அவள் வாய்க்கு ஒரு விரல் கீழே அப்படியே நின்றது. மரகதம் வந்து குழாயை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

தங்கவேலு பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். வாசலில் வேன் நின்றது, பின்னால் சாய்வுப் பலகை வைத்த வேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தங்கை நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“ஆச்சுங்களா தம்பி?”

“இல்லீங்க.”

“அண்ணா, ஆயிருச்சு, நடுவுல ஒருக்கா ஆச்சு” என்றாள் கோகிலவாணி. “மரகதம் பாத்தா, கேட்டுப் பாரு. இந்தப் பெட்டியத் தூக்கிட்டு வேற பெட்டி போட்டா ஆயிருமாம். பத்து நாளு. செவுத்தத் தொறந்து ஒயரு மாத்தோணும், அவ்வளவுதான். பத்து நாளைக்கு மரகதம் மத்தியானமும் இருக்கறேன்னு சொல்லீட்டா. இல்லியா மரகதம்?”

“இருக்கறனுங்க. எங்க அத்தகிட்டச் சொல்லிட்டனுங்க” என்றாள் மரகதம்.

தங்கவேலு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வாணி, உன்னயக் கொண்டுபோய் அங்க போடோணும்னு எனக்கு ஆசயா? உங்க அண்ணி மூணு நாளா அழுதுட்டு இருக்கறா.”

“அண்ணி அழுகட்டும், அவளுக்கு டிவி பாத்தாலும் அழுகதான் வரும். நீ எனக்குப் பதிலு சொல்லு.”

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மகுடபதி பக்கம் திரும்பினார். “தம்பி, நான் படிக்காதவன். எனக்கு இந்த வெர்சனு கிர்சனு புரியாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மூணு வருசம் நல்லா ஓடுச்சு. வியாழக்கெழம எதனால நின்னுச்சு? இன்னதுனாலதான் நின்னுச்சுன்னு தெரிஞ்சா, இனி அது ஆகாம பாத்துக்கலாமில்லீங்களா? அந்தக் காரணத்தச் சொல்லிட்டீங்கன்னா நான் வேனத் திருப்பி அனுப்பிர்றேன். காரணமே தெரியாம, மறுக்காவும் ஒருநா நிக்கும்னு வெச்சுட்டு, இவள இங்க விட்டுட்டு நான் அங்க எப்படித் தூங்கறது?”

இதோ. இவ்வளவு சுலபமாக, கதவைத் திறந்து கையில் கொடுக்கிற மாதிரி. என் பைங்க. ஐந்து எழுத்து, இரண்டு வார்த்தை. நீங்க கேக்கற காரணம் இதுக்குள்ள இருந்துச்சுங்க. நாக்கு மேலண்ணம் வரைக்கும் போயிற்று. கோகிலவாணி தலையைத் திருப்பி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இவன் சொல்லிவிடுவான், இவனுக்குத் தெரியாதது உண்டா என்கிற மாதிரி, ஒரு பெருமை கூட இருந்தது அந்தப் பார்வையில். அந்தப் பெருமையின் மேல்தான் அவன் தடுக்கினான். ஒப்பந்தப்படி தாண்டினால் சொல்ல வேண்டாம், தாண்டாவிட்டால் சொல்ல வேண்டும். தாண்டியது, தாண்டி விழுந்தது, அப்படியானால் என்ன கணக்கு. அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாய் பேசிக்கொண்டிருந்தது. “அது நம்ம கையில இல்லீங்க. கம்பெனிக்காரன் அப்டேட் விடுவான். எப்ப விடுவான், எதோட ஒத்துப் போகும், எதோட ஒத்துப் போகாதுன்னு யாருக்கும் தெரியாதுங்க.” நல்ல நிதானமான குரல். சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை, எந்த மேடையில் வேண்டுமானாலும் சொல்லலாம். “புதுப் பெட்டி போட்டாலும்?” என்று கேட்டார் தங்கவேலு. “புதுப் பெட்டி போட்டாலும் அப்படித்தானுங்க.”

கோகிலவாணி அவனைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பான். எங்கேயோ எழுதி வைத்ததை மறுபடி ஒருமுறை சரிபார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். பிறகு தலையை நேராக்கிக்கொண்டு, “சரி” என்றாள். “மரகதம், கொஞ்சம் அந்தக் கண்ணாடியக் கழட்டி ஒறையில போடறியா.” கண்ணாடியைக் கழற்றினதும் அவள் முகம் யாருடையதோ ஆகிவிட்டது. அதற்கப்புறம் எல்லாம் ஆட்களின் கைகளாகவே நடந்தது. டிரைவரும் தங்கவேலுவும் மரகதமும் விரிப்போடு சேர்த்துத் தூக்கினார்கள், மகுடபதியும் ஒரு முனையைப் பிடித்தான், அவள் எடை இவ்வளவுதானா என்று கை நினைத்தது. வேனின் கதவைச் சாத்துகிறபோது அவள், “போயிட்டு வர்றேன் தம்பி” என்றாள். மூணு வருஷத்தில் அவனை அவள் தம்பி என்று கூப்பிட்டதில்லை. முகத்தைச் சிரித்த மாதிரி வைத்திருந்தாள்.

வேன் மருதமலை ரோட்டில் திரும்பி மறைந்தது. மரகதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தாள். அவள் தோளில் அவளுடைய துணிப்பை, மூணு வருஷத்து மாற்றுச்சேலைகளோடு உப்பியிருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் அவன் நிற்பதைப் பார்த்து, “போலாங்களா” என்றாள். அப்போதுதான் அவன் சொன்னான். கேட்காமலே, நிறுத்தாமல், புதன்கிழமை, மோர், பை, சாய்பாபா காலனி ஸ்பீக்கர், பதினாலு வீட்டுக்கும் ஒரே சாவி, எல்லாவற்றையும். இவளுக்கு என்ன புரியப் போகிறது என்பதனால்தான் இவ்வளவு சரளமாக வருகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெரிந்தது. மரகதம் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்.

“அம்மை போட்ட வூட்டுக்குப் போய்ட்டு வந்து கொழந்தயத் தூக்குனாப்பல” என்றாள்.

“ஆமாங்க்கா.”

“அப்பக் காரணம் உங்களுக்குத் தெரியும்.”

அவன் வேன் போன திசையைப் பார்த்தான்.

“அவரு அதத்தானுங்க கேட்டாரு. வேற என்னத்தக் கேட்டாரு?” குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். “இன்னும் பேரூரு தாண்டியிருக்க மாட்டாங்க. போன் போடுங்க.”

அவன் போனை எடுத்தான். தங்கவேலுவின் பெயர் திரையில் வந்தது. பெருவிரல் அதற்கு மேலே நின்றது. என்னவென்று ஆரம்பிப்பது, ஐயா என்றா, அண்ணா என்றா, வண்டியை ஓரம் கட்டச் சொல்லியா, போன் ஸ்பீக்கரில் இருந்தால் அவளுக்கும் கேட்குமே, கேட்கட்டும், கேட்கத்தானே வேண்டும், முதல் வார்த்தை மட்டும் கிடைத்தால் மீதி வந்துவிடும். திரை மங்கியது. தொட்டு எழுப்பினான். மறுபடி மங்கியது. மரகதம் அவனைப் பார்க்கவில்லை, அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அது மூன்றாம் தடவை இருட்டாகிற வரைக்கும் நின்றாள். பிறகு வீட்டுச் சாவியைக் கேட்டின் கம்பியில் மாட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, சந்துக்குள் இறங்கி நடந்தாள். சந்து முனையில் அவள் சேலை மறைகிற வரைக்கும் அவன் போனைக் கையில் வைத்திருந்தான். பிறகு அதைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, வண்டி நிறுத்தியிருந்த பக்கம் போனான்.